லிபியா-4: செயற்கைக்கோள்கள் கண் பரிசோதனை செய்துகொள்ளும் இடம்

மளிகைக் கடை எடைக்கல்லுக்கு முத்திரை போட வருபவரைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் கல்லை எல்லாம் வரிசையாக எடுத்து வைப்பார். வந்தவர் தன் பெட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார். தேய்ந்திருந்தால் அடிக்குழியில் ஈயம் சேர்த்துச் சரிபண்ணி, அந்த ஈயத்தின் மேலேயே முத்திரையைக் குத்திவிட்டுப் போவார். சின்ன வயசில் எனக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம்தான். அவர் பெட்டிக்குள் இருக்கிற கல்லை யார் சரிபார்ப்பாங்க?

அந்தச் சந்தேகம் ரொம்ப வருஷம் கழித்து வேறொரு இடத்தில் திரும்ப வந்தது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதன் சென்சார் தேய்ந்துபோச்சா இல்லையா என்று பார்க்க யார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போவது? விடையைச் சுருக்கமாகச் சொன்னால்: யாரும் போக வேண்டாம், கீழே மணல் இருக்கிறது. இந்த விடைக்கு வந்துசேர விஞ்ஞானிகளுக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதையைத்தான் இந்தக் குறிப்பில் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் சிக்கல் என்ன என்று பார்ப்போம். செயற்கைக்கோள் சென்சார் தருவது படம் இல்லை, எண். பூமியில் ஓர் இடத்திலிருந்து இவ்வளவு ஒளி வந்தது என்று ஓர் எண்ணைக் கொடுக்கும். ராக்கெட்டில் ஏற்றுவதற்கு முன்னால் ஆய்வுக்கூடத்தில், உள்பக்கம் வெள்ளைப் பூச்சு பூசிய ஒரு பெரிய கோளத்துக்குள் விளக்கு எரியவிட்டு, இன்ன ஒளிக்கு இன்ன எண் என்று அட்டவணை போட்டுவிடுவார்கள். ஏவிய பிறகு அந்த அட்டவணை மெல்ல மெல்லப் பொய்யாகும். வெற்றிடத்துக்குப் போனதும் வடிகட்டிகளில் இருந்த ஈரம் ஆவியாகும். கருவியின் மற்ற பாகங்களிலிருந்து கசியும் வாயுக்கள் கண்ணாடியில் படியும், புற ஊதாக் கதிர் அந்தப் படிவை இறுக்கிவிடும். அதே வயல், அதே வெயில், ஆனால் எண் மட்டும் குறைந்துகொண்டே வரும். நம்ம வீட்டு மூக்குக்கண்ணாடி அழுக்காகிற மாதிரிதான், துடைக்கத்தான் ஆள் கிடையாது.

இது பெரிய தலைவலியாக மாறியது 1980களில். அமெரிக்காவின் நோவா வானிலைச் செயற்கைக்கோள்களில் ஏவிஹெச்ஆர்ஆர் என்று ஒரு கருவி இருந்தது. மேகம், பனி, கடல் வெப்பநிலை பார்ப்பதற்காகச் செய்தது. அகச்சிவப்பு அலைவரிசைகளுக்கு மட்டும் கருவிக்குள்ளேயே சரிபார்க்கும் ஏற்பாடு உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அதை ஒட்டிய அண்மை அகச்சிவப்புக்கும் ஒன்றும் கிடையாது. மேகத்தைப் பார்க்க அது போதும் என்று நினைத்திருக்கிறார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. மேகம் இருக்கா இல்லையா என்று தெரிய 5 சதவீதத் துல்லியம் யாருக்கு வேணும்?

ஆனால் இந்த இரண்டு அலைவரிசையையும் வேறு சிலர் பிடித்துக்கொண்டார்கள். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் இடம் எவ்வளவு பசுமை என்று ஒரு குறியீடு கிடைக்கும். என்டிவிஐ என்பது அதுதான். நோவா-7 1981இல், நோவா-9 1984 கடைசியில், நோவா-11 1988இல் ஏவப்பட்டன. தினமும் உலகம் முழுக்கப் பார்க்கும் கருவி வேறு எதுவும் அப்போது இந்த வேலைக்கு இல்லை. இதை வைத்து அவர்கள் பதில் தேடிய கேள்வி அந்தக் காலத்தின் மிகப் பெரிய கேள்விகளில் ஒன்று: சஹாரா தெற்கே நகர்கிறதா?

பின்னணி தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சஹாராவின் தெற்கு ஓரம் சாஹேல். 1970களின் தொடக்கத்தில் அங்கே கொடிய பஞ்சம், 1984இல் மறுபடியும் பஞ்சம். 1975இல் ஹியூ லாம்ப்ரி என்ற சூழலியலாளர் மேற்கு சூடானில் ஆய்வு செய்து, 17 வருஷத்தில் பாலைவன எல்லை 90 முதல் 100 கிலோமீட்டர் தெற்கே வந்துவிட்டது என்று எழுதினார். வருஷத்துக்கு ஐந்தரை கிலோமீட்டர் என்ற அந்தக் கணக்கு உலகம் முழுக்கப் பரவியது. பாலைவனம் படையெடுத்து வருவதாக ஒரு சித்திரம் எல்லார் மனதிலும் பதிந்துவிட்டது. அதற்கு ஏற்றபடி நிதியும் திட்டமும் பேசப்பட்டன. பிறகு அதே சூடானுக்குப் போன ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் உல்ஃப் ஹெல்டேன், அப்படி நிரந்தரமாக நகர்ந்ததற்கு அடையாளம் இல்லை என்றார். யார் சொல்வது சரி? மேலே இருந்து பார்க்கும் கண்ணிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் கண்ணுக்கோ பார்வை மங்கிக்கொண்டே வருகிறது.

பார்வை மங்கினால் என்ன ஆகும் என்பதை ஒரு சின்னக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். சாஹேலில் புல் மிகக் குறைவாக இருக்கிற ஓர் இடம். சிவப்பு ஒளியில் 25 சதவீதத்தையும் அண்மை அகச்சிவப்பில் 35 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10, கூட்டுத்தொகை 60. குறியீடு சுமார் 0.17. இரண்டு அலைவரிசையும் ஒரே வேகத்தில் மங்கினால் வகுத்தலில் அடிபட்டுப் போய்விடும், குறியீடு மாறாது. அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நோவாவில் பணியாற்றிய நாகராஜ ராவும் சென்னும் 1995இல் வெளியிட்ட கட்டுரையில் வருடாந்தர மங்கல் விகிதம் இருக்கிறது. நோவா-7இல் சிவப்பு 3.6, அகச்சிவப்பு 4.3 சதவீதம். நோவா-9இல் 5.9, 3.5. நோவா-11இல் 1.2, 2.0.

இப்போ நம்ம புல்லுக்கு இதைப் பொருத்திப் பாருங்க. நோவா-9 மூன்று வருஷம் பார்த்தால் சிவப்பு அதிகமாக மங்கும். அதனால் 0.17 என்று இருந்தது கிட்டத்தட்ட 0.21 ஆகத் தெரியும். ஒரு சொட்டு மழை பெய்யாமல் ஒரு புல் முளைக்காமல் பசுமை ஏறிவிட்டது! நோவா-7இல் நேர் எதிர்: அதே 0.17 மூன்று வருஷத்தில் 0.155 ஆக இறங்கும். நோவா-7 பறந்த காலம் எது தெரியுமா? 1984 பஞ்சத்தை நோக்கி சாஹேல் போய்க்கொண்டிருந்த காலம். உண்மையாகவே புல் காய்ந்துகொண்டிருக்கும்போது, கருவியும் தன் பங்குக்குக் கொஞ்சம் காய வைத்தது. அதற்கப்புறம் வந்த கருவி, மழை கொஞ்சம் திரும்பிய வருஷங்களில், தன் பங்குக்குக் கொஞ்சம் பச்சையடித்தது. எது புல், எது கண்ணாடி என்று பிரிக்காமல் ஒரு வார்த்தை பேச முடியாது.

சரி, இந்த விகிதங்களை ராவும் சென்னும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒருநாளும் மாறாத ஓர் இடத்தைப் பிடித்தார்கள். மாறாத இடத்தில் எண் குறைந்தால் குற்றவாளி கருவிதான். அவர்கள் எடுத்துக்கொண்டது தென்கிழக்கு லிபியப் பாலைவனம்: வடக்கு அட்சரேகை 21 முதல் 23 வரை, கிழக்குத் தீர்க்கரேகை 28 முதல் 29 வரை. அட்லஸைத் திறந்து இந்த எண்களைத் தேடினேன், லிபியாவில் இல்லை! எகிப்தும் சூடானும் சந்திக்கிற எல்லைக்கோடு நடுவில் போகிறது. லிபியப் பாலைவனம் என்பது சஹாராவின் கிழக்குப் பகுதிக்கு உள்ள பழைய பெயர், மூன்று நாட்டில் பரவிக் கிடக்கிறது. இதே யோசனையை நாசாவின் லாங்லி மையத்தைச் சேர்ந்த ஸ்டெய்லர் 1990இலேயே செய்துபார்த்திருந்தார். காஃப்மனும் ஹோல்பனும் 1993இல் பாலைவனத்தோடு கூடவே கடல் மேல் மின்னும் சூரியப் பிரதிபலிப்பையும் காற்று மூலக்கூறுகள் சிதறடிக்கும் ஒளியையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த மாதிரித் திருத்தங்கள் இருந்தால்தான் மூன்று செயற்கைக்கோள்களின் எண்களை ஒரே கோட்டில் ஒட்ட முடியும். 1991இல் காம்ப்டன் டக்கர், ட்ரெக்னே, நியூகூம் மூவரும் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே முடிவு இருக்கிறது: சஹாராவின் விரிதலும் சுருங்குதலும், 1980 முதல் 1990 வரை. எல்லை 1984 வரை தெற்கே இறங்கியது, 1985இல் மழையோடு வடக்கே ஏறியது, பிறகும் முன்னும் பின்னும் ஆடியது. ஒரே திசையில் நடக்கும் படையெடுப்பு இல்லை, மழையோடு மூச்சு விடுவது போன்ற அசைவு. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்த எண்களைச் சரிபார்க்கும் எடைக்கல்லே சஹாராவின் நடுப்பகுதி என்பதுதான். பாலைவனம் நகர்கிறதா என்று பார்க்கப் பாலைவனத்தையே கல்லாகத் தராசில் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு புத்திசாலி வாசகர் கையைத் தூக்குவார். பாலைவனம் மாறவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கருவியை வைத்துத்தானே பார்த்தீர்கள்? கருவியைப் பாலைவனம் திருத்துகிறது, பாலைவனத்துக்குச் சாட்சி கருவி. சுற்றிச் சுற்றி வருதே?

நியாயமான கேள்வி. அந்தக் காலத்து ஆட்களும் இதை உணர்ந்துதான் இருந்தார்கள். அதற்கு மூன்று வழியில் பதில் தேடினார்கள். ஒன்று, நேரில் போய் அளப்பது.

இதில் முன்னோடி அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஒளியியல் மையம், குறிப்பாக ஃபிலிப் ஸ்லேட்டர். 1984 மார்ச்சில் லேண்ட்சாட்-5 ஏவப்பட்டபோது அவர் குழு நியூ மெக்சிகோவின் வொயிட் சாண்ட்ஸுக்குப் போனது. ஜிப்சம் மணல், சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. ஏவுகணைச் சோதனைத் தளத்துக்குள் இருப்பதால் அனுமதி வாங்கித்தான் நுழைய முடியும். செயற்கைக்கோள் தலைக்கு மேலே போகும் நாளில், அது வருவதற்கு முன்னும் பின்னும், கருவியை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்தபடி ஒருவர் மணலில் கோடு போட்ட மாதிரி நடப்பார். நிழல் விழக்கூடாது, காலடி பட்ட இடத்தை அளக்கக்கூடாது. நடுநடுவே ஒரு வெள்ளைப் பலகையை அளப்பார். அந்தப் பலகை எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்று ஆய்வுக்கூடத்தில் தெரியும். இன்னொருவர் சூரியனை நோக்கிய கருவியோடு உட்கார்ந்து காற்றில் எவ்வளவு தூசி என்று பார்ப்பார். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மேலே போன சென்சாருக்கு எவ்வளவு ஒளி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று தெரியும்.

துல்லியமான வழிதான், ஆனால் ஆள் பலம் வேண்டும், மேகம் ஒன்று வந்தால் அன்றைய உழைப்பு வீண். அதோடு வொயிட் சாண்ட்ஸில் நிலத்தடி நீர் மேலாக இருக்கிறது, மழை பெய்தால் ஜிப்சம் ஈரமாகி நிறம் மாறிவிடும். (1982 மார்ச்சில் கொலம்பியா விண்கலம் இதே இடத்தில் ஒருமுறை தரையிறங்கியது. ஜிப்சம் தூள் விண்கலத்துக்குள் புகுந்து அதைச் சுத்தம் பண்ணுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அது வேற கதை.)

இரண்டாவது வழி, ஒரு பாலைவனத்தை நம்பாமல் பல பாலைவனங்களைக் கேட்பது. இங்கேதான் பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு ஸ்பாட் செயற்கைக்கோள் வரிசை இருந்தது, முதலாவது 1986இல் ஏவப்பட்டது. கோஸ்னெஃப்ராய், லெரோய், ப்ரியோட்டே மூவரும் 1996இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறையில் எல்லாரும் இன்றைக்கும் மேற்கோள் காட்டுவது. அவர்கள் மீட்டியோசாட்-4 படங்களை வைத்து வட ஆப்பிரிக்காவையும் அரேபியாவையும் சல்லடை போட்டுத் தேடினார்கள். 100 கிலோமீட்டருக்கு 100 கிலோமீட்டர் சதுரம், அதற்குள் எந்த மூலையைப் பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம், மேகம் குறைவு, செடி கொடி இல்லை. இப்படி 20 இடங்கள் தேறின. பெயர் வைப்பதில் அவர்கள் நேரத்தை வீணாக்கவில்லை: அல்ஜீரியா 1 முதல் 5 வரை, லிபியா 1 முதல் 4 வரை, அரேபியா 3, நைஜர் 3, மொரிட்டானியா 2, மாலி, சூடான், எகிப்து ஒவ்வொன்று. சில அல்ஜீரியத் தளங்களுக்கு நேரில் போயும் அளந்துவிட்டு வந்தார்கள். சூரியனும் செயற்கைக்கோளும் பார்க்கும் கோணம் மாறுவதால் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டால், இந்த இடங்களில் மிச்சம் இருந்த ஆட்டம் 1 முதல் 2 சதவீதம்தான். பிற்பாடு சியோஸ் என்ற சர்வதேசச் செயற்கைக்கோள் குழு இவற்றிலிருந்து ஆறைப் பொதுத் தளங்களாக ஏற்றுக்கொண்டது: லிபியா 1, லிபியா 4, மொரிட்டானியா 1, மொரிட்டானியா 2, அல்ஜீரியா 3, அல்ஜீரியா 5.

ஆறில் ராஜா லிபியா-4. இது உண்மையாகவே லிபியாவில்தான் இருக்கிறது, வடக்கு 28.55, கிழக்கு 23.39. கலன்ஷோ மணல் கடல் பகுதி. ஊர் இல்லை, சாலை இல்லை, நிரந்தரமாக நட்டுவைத்த அளவுக்கருவியும் இல்லை. மணல் மேடுகள் நகரத்தான் செய்கின்றன. ஆனால் 100 கிலோமீட்டர் சதுரத்தின் சராசரியை எடுக்கும்போது ஒரு மேடு இங்கிருந்து அங்கே போனதால் ஒன்றும் ஆகாது. ஏரியில் அலை அடித்தால் நீர்மட்டம் மாறுமா?

அந்தப் பக்கம் எவ்வளவு மாறாத பூமி என்பதற்கு ஒரு சோகமான சாட்சி உண்டு. 1943 ஏப்ரலில் 'லேடி பி குட்' என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் திசை தப்பி, லிபியா-4க்குத் தெற்கே பாலைவனத்துக்குள் போய் விழுந்தது. குதித்துத் தப்பியவர்கள் வடக்கு நோக்கி நடந்தே மணல் கடலுக்குள் மாண்டார்கள். 1958இல் எண்ணெய் தேடப் போனவர்கள் விமானத்தை மேலிருந்து பார்த்தார்கள். பிறகு தேடிப் போனபோது, பின்னால் வருபவர்களுக்கு வழி காட்ட அவர்கள் கல்லை வைத்து விட்டுச்சென்ற பாராசூட் துணி அடையாளங்கள், பதினைந்து வருஷம் கழித்தும் கிடைத்தன. கேலிப்ரேஷன் ஆட்கள் கட்டுரைகளில் இதையெல்லாம் எழுத மாட்டார்கள். ஆனால் அவர்களுக்குத் தேவைப்பட்ட குணம் இதுதான்.

மூன்றாவது வழி, இரண்டு கருவிகளை ஒரே சமயத்தில் ஒரே மணலைப் பார்க்க வைப்பது. அப்படிச் செய்தால் மணல் நேற்று எப்படி இருந்தது என்ற கேள்வியே எழாது. இதற்கு நல்ல உதாரணம் லேண்ட்சாட்-5.

லேண்ட்சாட்-5க்குள் சரிபார்க்க மூன்று சின்ன விளக்குகள் இருந்தன. கருவி மங்கினால் விளக்கைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. மூன்று வருஷம் உழைக்கும் என்று அனுப்பிய செயற்கைக்கோள் அது. ஆனால் அது 2013 வரை, 29 வருஷம் ஓடியது! விளக்கும் கூடவே கிழடாகிவிட்டது. விளக்கு சொல்வதை நம்பித் திருத்தினால் உண்மையில் இல்லாத மாற்றத்தை டேட்டாவுக்குள் நாமே நுழைப்போம். இன்னொரு வேடிக்கை: குளிரூட்டப்பட்ட டிடெக்டர்களின் முன்னால் இருந்த ஜன்னலில் மெல்லிய பனிக்கட்டிப் படலம் வளரும். அது தடித்துக்கொண்டே போகும்போது குறுக்கீட்டு விளைவால் எண்கள் ஏறி இறங்கி அலை மாதிரி ஆடும். சூடாக்கி உருக்கினால் சரியாகும், பிறகு மறுபடி வளரும்.

1999 ஏப்ரலில் லேண்ட்சாட்-7 ஏவப்பட்டபோது, தன் சொந்தப் பாதைக்குப் போகும் வழியில், ஜூன் தொடக்கத்தில் சில நாட்கள் லேண்ட்சாட்-5க்குப் பின்னாலேயே ஓட விட்டார்கள். 10 முதல் 30 நிமிட இடைவெளியில் இரண்டும் ஒரே நிலத்தைப் பார்த்தன. பார்த்த இடங்களில் ஒன்று நெவாடாவின் ரெயில்ரோட் பள்ளத்தாக்கில் உள்ள வறண்ட ஏரிப்படுகை. அதைப் பிறகு சொல்கிறேன். புதிய கருவியின் அளவைப் பழையதற்கு மாற்ற இது ஒரு பாலம். 2003 மே மாதம் விளக்குகளைக் கைவிட்டுவிட்டு, கருவியின் மொத்த ஆயுளுக்குமான ஒரு வளைகோட்டைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2007 ஏப்ரலில் அதையும் மாற்றி, பாலைவனத் தளங்களில் கருவி வருஷா வருஷம் காட்டிய எண்களையும் லேண்ட்சாட்-7உடன் செய்த ஒப்பீட்டையும் வைத்து புது வளைகோடு போட்டார்கள். யோசித்துப் பாருங்க, 1984இல் எடுத்த படத்தின் எண் 2007இல் மாறுகிறது. காடு அழிப்பு, நகர விரிவு என்று 80களையும் 2000களையும் ஒப்பிடும் எந்த வேலையும் இந்த வளைகோட்டின் மேல்தான் நிற்கிறது. அதற்கு ஈடு கொடுத்தது யாருமே அக்கறையில்லாமல் சேர்ந்துபோன பழைய பாலைவனப் படங்கள். ஒன்றுமில்லாத மணலை எதற்குப் படம் பிடித்துச் சேர்த்துவைக்க வேண்டும் என்று அன்று யாராவது கணக்குக் கேட்டிருந்தால் பதில் சொல்லக் கஷ்டப்பட்டிருப்பார்கள்.

இரண்டு கருவிகளும் ஒரே மணலைப் பார்த்தாலும் எண் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை ரொம்ப எளிதாகத் தெரியும். 'சிவப்பு' என்று ஒரு கருவி சொல்லும் அலைநீளத் துண்டும் இன்னொரு கருவி சொல்லும் துண்டும் ஒன்றல்ல. சஹாரா மணல் குவார்ட்ஸ், மேலே இரும்பு ஆக்சைடு பூச்சு. அதனால் நீலத்தில் மங்கலாக இருந்து சிவப்பு, அகச்சிவப்பு என்று போகப் போகப் பிரகாசம் சரசரவென்று ஏறும். ஏறும் சரிவில் துண்டு கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி இருந்தாலே எண் மாறும். லேண்ட்சாட்-7இன் அண்மை அகச்சிவப்புத் துண்டு அகலமானது. காற்றிலுள்ள நீராவி ஒளியை விழுங்கும் பகுதியும் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. மோடிஸ் கருவியின் துண்டு வேறு. இதற்காக, 2000இல் ஏவப்பட்ட இஓ-1இன் ஹைபீரியான் கருவி லிபியா-4இன் நிறமாலையை மெல்லிய துண்டுகளாக எடுத்துக் கொடுத்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஜோடிக் கருவிக்கும் ஒரு பெருக்கல் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். படியில் அளந்ததை மரக்காலுக்கு மாற்றுகிற மாதிரி. அந்த எண்ணைப் போடாமல் ஒப்பிட்டுவிட்டு 'இந்தச் சென்சார் தப்பு' என்று சொல்வது புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் பிழை. நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன்.

நிறைய முன்ஜாக்கிரதையோடு போன கருவிக்கும் இது நடந்தது என்பதற்கு டெர்ரா கதை. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ராவில் மோடிஸ் கருவி. ஏவிஹெச்ஆர்ஆர் தந்த பாடத்தால் இதற்குள் சூரிய ஒளியைப் பரப்பிக் காட்டும் வெள்ளைப் பலகை, அந்தப் பலகை மங்குகிறதா என்று பார்க்கத் தனிக் கருவி, நிலவைப் பார்க்கும் வசதி எல்லாம் வைத்தார்கள். 2003இல் பலகையின் கதவு சண்டித்தனம் செய்தது. மூடிய நிலையில் மாட்டிக்கொண்டால் வேலை கெட்டது என்று திறந்தே விட்டுவிட்டார்கள். பலகை வெயிலில் வேகமாக மங்கியது. அதைவிடப் பெரிய சிக்கல் சுழலும் கண்ணாடி. அது ஒவ்வொரு கோணத்திலும் ஒவ்வொரு வேகத்தில் கெட்டது, நீல அலைவரிசையில் அதிகம். பலகையும் நிலவும் ஆளுக்கொரு கோணத்தில்தான் தெரியும், நடுவில் உள்ள கோணங்களுக்குச் சாட்சி இல்லை. விளைவு: டெர்ரா பார்த்தால் பல இடங்களில் பசுமை குறைகிறது, அதே மோடிஸ் வைத்திருந்த அக்வா பார்த்தால் அவ்வளவு இல்லை. 2012இல் வந்த ஓர் ஆய்வு இதைக் கருவியின் தேய்மானம் என்று பிரித்துக் காட்டியது. அதற்குள் ஐந்தாம் பதிப்பு டேட்டாவை வைத்து எத்தனையோ கட்டுரைகள் வெளிவந்துவிட்டன. ஆறாம் பதிப்பில் பாலைவனத் தளங்களைப் பல கோணங்களில் பார்த்த எண்களை வைத்துத்தான் திருத்தினார்கள். உங்களிடம் ஐந்தாம் பதிப்பு என்டிவிஐ கோப்பு இன்னும் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

நம்ம நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. இஸ்ரோவின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையக் குழுக்கள் குஜராத்தின் கட்ச் ரண் பகுதிக்குப் போய், ஸ்லேட்டர் குழு செய்த மாதிரியே அளக்கிறார்கள். இன்சாட்-3டி படமெடுப்பானுக்கு அங்கே அளந்து திருத்திய கட்டுரை உண்டு. ரண் சஹாரா மாதிரி கிடையாது, பருவமழையில் தண்ணீர் நிற்கும். காய்ந்த பிறகு உள்ள மாதங்களில்தான் வேலை.

ரெயில்ரோட் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். 90களிலிருந்து அங்கே அளவெடுப்பு நடக்கிறது. இப்போது ஆள் இல்லாமலேயே அளக்கும் கருவிகளை நட்டிருக்கிறார்கள். பிரான்சின் லா க்ரோ கல்வெளி, நமீபியாவின் கோபாபெப், சீனாவின் பாவ்டோ ஆகியவற்றோடு சேர்ந்து ரேட்கால்நெட் என்ற வலையமைப்பாக 2018இல் அது எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்து அந்த எண்களை எடுத்துத் தங்கள் செயற்கைக்கோளைச் சரிபார்க்கலாம்.

அந்த ஏரிப்படுகைக்கு அடியில் உப்பு நீர் இருக்கிறது, அதில் லித்தியம் இருக்கிறது. மின்சாரக் கார் பேட்டரிக்கு லித்தியம் வேண்டும். உறிஞ்சி எடுத்தால் மேல்பரப்பு மாறிவிடும், எங்கள் எடைக்கல் போய்விடும் என்று நாசா கேட்டுக்கொண்டதன் பேரில், 2023இல் அமெரிக்க நில மேலாண்மைத் துறை சுமார் 23,000 ஏக்கரைச் சுரங்கத்திலிருந்து விலக்கி வைத்தது. ஏற்கெனவே உரிமை கோரியிருந்த நிறுவனம் எதிர்த்தது. அந்த முடிவை ரத்து செய்ய நெவாடாவின் மார்க் அமோடெய் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். இரண்டு தரப்புமே பருவநிலைக்காகத்தான் பேசுகிறோம் என்று சொல்ல முடிகிற விசித்திரமான சண்டை அது. என்னைக் கேட்டால் நாசா பக்கம்தான் நிற்பேன். லித்தியம் உள்ள இடம் வேறு கிடைக்கும். முப்பது வருஷ அளவுப் பதிவோடு கூடிய ஏரிப்படுகையை வேறு எங்கேயும் போய்த் தோண்டி எடுக்க முடியாது.

லிபியா-4ஐ நீங்களே பார்க்க ஆசைப்பட்டால் லேண்ட்சாட் படங்கள் 2008இலிருந்து இலவசம். பாதை எண் 181, வரிசை எண் 40. மணல் மேடுகளைத் தவிர ஒன்றும் இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நிலவை எடைக்கல்லாக வைக்கும் கதை இதைவிட நீளம். அதை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.